வீட்டுச் சுவரில் கொடி ரோஜா: வளர்ப்பதும் வளைப்பதும்

கொடி ரோஜா வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "செடி மொட்டைமாடி வரைக்கும் போயிடுச்சு, பூ மட்டும் உச்சியில ரெண்டே ரெண்டு." செடிமேல் தப்பில்லை, அது போன போக்கில் நாம் விட்டதுதான் காரணம். கொடி ரோஜா பேருக்குத்தான் கொடி. பாகற்கொடிக்கு இருக்கிற பற்றுக்கம்பி அதற்குக் கிடையாது, அவரை மாதிரி கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஏறவும் தெரியாது. நீளமான கிளை விடுகிற ரோஜாச் செடி, அவ்வளவுதான். காட்டில் இருந்தால் பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்து முள்ளைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு போகும். வீட்டில் நாம்தான் கட்டிவிட வேண்டும். எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பூ.

கிளை நெட்டுக்குத்தலாக நின்றால் நுனியில் இருக்கிற குருத்து கீழே உள்ள கணுக்களையெல்லாம் அடக்கி வைக்கும். நுனியில் சுரந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை அது. அதே கிளையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினால் அந்த அதிகாரம் போய்விடும், கணுவுக்குக் கணு பக்கக் கிளை கிளம்பும், ஒவ்வொரு பக்கக் கிளையின் நுனியிலும் மொட்டு வரும். அதனால் முதல் 2 வருடம் உங்கள் கையில் இருக்க வேண்டியது கயிறு, கத்தரி இல்லை. கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான் சொல்வது சமவெளிக்கு, அதாவது கோவை, திருச்சி, மதுரை, சென்னை மாதிரி ஊர்களுக்கு. ஓசூர்க்காரர்களுக்கு இதில் பாதிச் சிரமம்கூட இருக்காது.

எந்தச் செடி

நர்சரியில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "சிவப்புக் கொடி, பிங்க் கொடி, வெள்ளைக் கொடி" என்பதோடு முடிந்துவிடும், ஆகவே நீங்களே பார்த்து எடுக்க வேண்டியதுதான். சாதாரணப் புதர் ரோஜாவில் எந்தக் கிளை வந்தாலும் ஓரளவு வளர்ந்ததும் நுனியில் மொட்டு வைத்துவிடும். கொடி ரகத்தில் அடியிலிருந்து வருகிற தடித்த கிளை நாலைந்து அடி போன பிறகும் நுனியில் வெறும் இலைதான் இருக்கும், பூ பக்கக் கிளையில் இருக்கும். இந்த அடையாளம் இருக்கிற செடியாக எடுங்கள். நிழலில் கிடந்து நெடுநெடுவென்று போன புதர் ரோஜாவைக் கொடி என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அதில் கணுக்களுக்கு இடையே இடைவெளி அதிகமாக இருக்கும், கிளை பென்சில்கூட இல்லாமல் ஒல்லியாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: வருடம் முழுக்க விட்டு விட்டுப் பூக்குமா, ஒரே சீசனா? பழைய மேல்நாட்டுக் கொடி ரகங்கள் பலவும் வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். டாரத்தி பெர்க்கின்ஸ், அமெரிக்கன் பில்லர் எல்லாம் அந்த வகை. படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம், ஆனால் அவற்றுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும், நம் வெயிலில் இலையோடு நின்றுவிடும். மறுபடி மறுபடி பூக்கிற கொடி கிடைத்தது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்றால், அமெரிக்காவில் ஒரு செடிக்குக் கொடுத்த முதல் காப்புரிமையே அப்படிப்பட்ட ரோஜாவுக்குத்தான்: 1931-ல், நியூ டான் என்ற ரகத்துக்கு.

பெயரோடு கேட்டு வாங்குகிறவர்களுக்குச் சில ரகங்கள் சொல்கிறேன். கிளைம்பிங் ஐஸ்பெர்க், வெள்ளை, முள் ரொம்பக் குறைவு, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு என் முதல் தேர்வு. காக்டெயில், ஒற்றையடுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், தேனீ வந்துகொண்டே இருக்கும். டெல்லி ஒயிட் பேர்ல், நம் நாட்டிலேயே உருவாக்கியது. கொடைக்கானலில் இருந்துகொண்டு எம்.எஸ்.வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி பல வருடங்களாக வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா ரகங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மணிப்பூர் மலைகளில் காட்டுத்தனமாக ஏறுகிற ரோசா ஜைஜான்டியா என்ற இனத்தை வைத்து அவர்கள் உருவாக்கிய கொடிகள் எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்களாக இருந்தால் பேங்க்ஸியா ரோஜாவையும் பாருங்கள், முள்ளே இருக்காது, கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ. வருடத்துக்கு ஒரு தடவைதான் என்றாலும் அந்த ஒரு தடவைக்காக வைக்கலாம்.

"கிளைம்பிங்" என்று பெயருக்கு முன்னால் வருகிற ரகங்கள் பெரும்பாலும் புதர் ரோஜா தானாகக் கொடியாக மாறியவை. அதைச் சின்ன வயதில் ஒட்ட வெட்டினால் பழையபடி புதராகவே திரும்பிவிடுவதும் உண்டு. வாங்கி வந்ததும் "தழைக்கட்டும்" என்று பாதியாக வெட்டுகிற பழக்கம் நம்மவர்களுக்கு இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இடமும் குழியும்

கிழக்குச் சுவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். காலையிலிருந்து மதியம் வரை 6 மணி நேர வெயில் போதும். மேற்குச் சுவர் வேண்டாம். மே மாதம் சாயங்காலம் அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், சூரியன் போன பிறகும் சூடு தணியாது, அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இலை கருகத்தான் செய்யும். வேறு இடமே இல்லையென்றால் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பந்தல் மாதிரி போட்டு ஏற்றுங்கள்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவே. சுவரை ஒட்டித் தோண்டாமல் ஒன்றரை அடி தள்ளித் தோண்டுங்கள், ஏனென்றால் கட்டட வேலையில் கொட்டின சிமென்ட்டும் ஜல்லியும் சுவரடியில்தான் புதைந்து கிடக்கும், அந்தச் சுண்ணாம்பில் ரோஜா இலை வெளுத்துப்போகும். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத் தூள். களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல் சேருங்கள். ஒட்டுப் போட்ட இடம், அந்த முட்டி மாதிரி இருக்குமே, அது மண்ணுக்கு மேலே ஒரு இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் அதைப் புதைக்கச் சொல்வார்கள், நமக்கு அது வேண்டாம். ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் வைத்துவிட்டால் மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும்.

நிலத்தில் இடமில்லை, மாடிதான் என்றால் பாதியாக வெட்டிய டிரம் வேண்டும். பெயின்ட் வாளியில் புதர் ரோஜா வளரும், 10 அடி கிளை விடுகிற செடி அதில் பிழைக்கும், ஆனால் வளராது.

தண்ணீர் விஷயத்தில் போர் தண்ணீர்தான் தலைவலி. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், உரம் குறைவு என்று மேலும் மேலும் கொட்டாதீர்கள், பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கூடி இரும்புச்சத்தை ஏறவிடாமல் தடுக்கிற வேலை அது. மழைநீரைப் பிடித்து வைத்து வாரம் ஒரு தடவை ஊற்றினாலே தெளிவு தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி நிறுத்தி ஊற்றுவது மேல், அடியில் காய்ந்த இலை, தென்னைநார், எது கிடைக்கிறதோ அதைப் போட்டு மூடிவையுங்கள்.

சுவரில் கம்பி, பொங்கலுக்கு வெள்ளை

சுவரில் ஏற்றுவதற்குக் குறுக்குக் கம்பிதான் சிறந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் முதல் கம்பி, அப்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்று. துருப்பிடிக்காத ஜிஐ கம்பியாகப் போடுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்று போனால்தான் பூஞ்சை அண்டாது.

ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு, பொங்கல் வந்தால் வெள்ளை அடிக்க வேண்டும். தை பிறக்கும்போது செடி சுவரோடு பின்னிக்கிடக்கும், பெயின்டர் ஒரு பக்கம் இழுப்பார், அவர் கை கீறும், உங்கள் கிளை முறியும், கடைசியில் செடிக்குப் பின்னால் மட்டும் போன வருடக் கலர் நிற்கும். இதற்கு ஒரு வழி, கம்பியைச் சுவரில் நேரடியாக அடிக்காமல் ஒரு சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டிவிடுவது. சட்டம் ஜிஐ பைப்பில் வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள், சவுக்குக் கட்டையிலும் கட்டலாம் (கரையான் பார்த்துக்கொள்ள வேண்டும்). வெள்ளை அடிக்கிற அன்று மேல் கொக்கியை விடுவித்துச் செடியோடு சேர்த்து முன்னால் சாய்த்து ஒரு ஸ்டூலில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் வேண்டும், முழுக்கை சட்டையும் வேண்டும்.

வெள்ளை அடிக்கிறபோதே கலரையும் யோசித்துவிடுங்கள். செங்கல் கலர் சுவரில் சிவப்பு ரோஜா கண்ணுக்கே தெரியாது. இப்போது எல்லோரும் அடிக்கிற அந்தக் கிளிப்பச்சைக்கும் ஊதாவுக்கும் முன்னால் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ தவிர எதுவும் எடுபடாது. வெள்ளை அல்லது சந்தனக் கலர் சுவராக இருந்தால் அடர் சிவப்பு வைக்கலாம், தெருமுனையிலிருந்தே தெரியும்.

வளைக்கிற வேலை

இதில்தான் பொறுமை வேண்டும். அடியிலிருந்து புதுக் கிளை வரும்போது செங்கரும்பு நிறத்தில் தளதளவென்று இருக்கும். அதைப் பார்த்ததும் வளைக்கத் தோன்றும், கை வைக்காதீர்கள். அந்தப் பருவத்தில் "டப்" என்று அடியோடு பிய்ந்து வரும், அடுத்த கிளைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டி நேராகவே போக விடுங்கள். சிவப்புப் போய்ப் பச்சை வந்து, அடிப்பாகம் பென்சிலைவிடத் தடித்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்காத பக்குவம் வந்ததும் வளைக்கலாம். முழு மரமாகிவிட்டால் திரும்ப வளையாது, ஆகவே நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களைத் தவறவிடக் கூடாது.

வளைப்பதற்குக் காலை நேரம் வேண்டாம். இரவு முழுக்கத் தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கும், முறிந்துவிடும். சாயங்காலம், வெயிலில் கொஞ்சம் துவண்டிருக்கும்போது செய்யுங்கள். இடது கையால் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நடுவிலிருந்து மெதுவாகச் சாயுங்கள். தோல் சுருங்குகிற இடத்தில் லேசாக நரநரவென்று சத்தம் கேட்டால் அந்த அளவோடு நிறுத்திக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் இன்னும் ஒரு சாண் இறக்குங்கள். முதலில் 45 டிகிரி, கடைசியில் கிட்டத்தட்டப் படுக்கை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, நடுவில் சாய்வாக ஒன்று, விசிறி விரித்த மாதிரி ஐந்து கிளை இருந்தால் ஒரு சுவருக்குப் போதும்.

கட்டுவதற்கு வாழை நார் அருமை. பூக் கட்ட வாங்கியதில் மீதியிருக்கும் நாரைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டிக் கிழிசலும் சணலும் பரவாயில்லை. கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் ஒயர் இரண்டும் வேண்டவே வேண்டாம். கிளை தடிக்கத் தடிக்க உள்ளே இறங்கி அறுத்துவிடும். கம்பியை ஒரு சுற்று, கிளையை ஒரு சுற்று, நடுவில் எட்டு மாதிரி குறுக்கே வர வேண்டும், சுண்டுவிரல் நுழைகிற அளவு தளர்வு இருக்க வேண்டும். இன்னொன்று, கிளையைக் கம்பிக்கு உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி நுழைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்தக் கிளையை எடுக்க வேண்டி வரும்போது சட்டத்தையே அறுக்க வேண்டியிருக்கும். எல்லாக் கிளையும் கம்பிக்கு முன்னாலேயே இருக்கட்டும்.

வாசல் வளைவு, தூண், கிரில்

கேட்டுக்கு மேலே வளைவு போடுவதுதான் எல்லோருக்கும் ஆசை. காகிதப்பூவும் ரங்கூன் மல்லியும் ஏறுகிற அதே வளைவில் ரோஜாவும் ஏறும், ஆனால் அகலம் குறைந்தது 4 அடி, உயரம் ஏழரை அடி வேண்டும். பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிற வழி, பிள்ளைகள் ஓடிவருகிற வழி, சேலை மாட்டுகிற வழி. ஆள் உயரம் வரை இருக்கிற தடித்த கிளையில் முள்ளை எடுத்துவிடலாம். ரோஜா முள் மரத்திலிருந்து வருவதில்லை, தோலில்தான் இருக்கிறது. முதிர்ந்த முள்ளின் பக்கவாட்டில் கட்டை விரலை வைத்துத் தள்ளினால் "டிக்" என்று கழன்று விழும், அந்த இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வெளிறிய தழும்பு மட்டும் இருக்கும். இளங்கிளையில் செய்தால் தோலும் சேர்ந்து உரியும், அதனால் முதிர்ந்ததில் மட்டும்.

வளைவின் இரண்டு காலிலும் ஒவ்வொரு செடி வைத்தால் அழகு; இரண்டும் ஒரே ரகமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்று பூக்கும்போது மற்றது சும்மா நிற்கும். போர்டிகோ தூணில் ஏற்றும்போது கிளையை நேராக ஏற்றாமல் படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றி ஏற்றினால் அடியிலிருந்தே பூ வரும். பால்கனி கிரில்லில் வெளிப்பக்கமாகப் படரவிடுங்கள், துணி காயப்போடுகிற பக்கம் மட்டும் வேண்டாம், பட்டுப்புடவை ஒன்று மாட்டினால் வீட்டில் யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

வயதாக ஆகக் கொடி ரோஜாவின் அடி வெறும் கட்டையாகத் தெரியும், அது இயல்பு. முன்னால் கனகாம்பரம், செண்டுமல்லி, திருநீற்றுப்பச்சை மாதிரி குட்டைச் செடி வைத்து மறைத்துவிடலாம். செண்டுமல்லி வேர் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். செம்பருத்தியைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் வருகிற மாவுப்பூச்சி நேராக ரோஜாவுக்கு வந்து சேரும். சங்குப்பூவை ரோஜாமேலேயே ஏற்றிவிட்டால் நீலமும் வெள்ளையும் அட்டகாசமாக இருக்கும், ஆனால் மழையில் அது ரோஜாவை மூடியே விடும், வாரம் ஒருமுறை கிள்ளத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கவாத்து

முதல் 2 வருடம் காய்ந்தது, முறிந்தது, ஒட்டுக்குக் கீழே கிளம்புவது, இவை மூன்றையும் தவிர எதையும் எடுக்க வேண்டாம். ஒட்டுக்குக் கீழே வருவது காட்டுக் கிளை, இலையைப் பார்த்தாலே வேறு மாதிரி இருக்கும். அதை வெட்டாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள், வெட்டினால் அதே இடத்தில் நாலு வரும்.

மூன்றாவது வருடத்திலிருந்து, மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் கவாத்து. வெள்ளை அடிக்கிற வேலையும் அப்போதே வருவதால் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம். படுக்கையாகக் கட்டின முக்கியக் கிளைகளைத் தொடாமல், அதிலிருந்து மேலே வந்து பூத்து முடித்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். வெட்டின வாயில் போர்டோ பசையோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி), குழைத்த மஞ்சள் தூளோ தடவுங்கள், நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு இறங்குகிற நோய் வெட்டுவாய் வழியாகத்தான் நுழையும். வெட்டி ஏறக்குறைய 45 நாளில் பூ. மாசியில் சுவர் நிறைந்திருக்கும். கிளைகளுக்கு நாலைந்து வயதானதும் வருடத்துக்கு ஒரு கிழட்டுக் கிளையை அடியோடு ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதுக் கிளை ஒன்றை இறக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், பூஜைக்கும் தலைக்கும் பூப் பறிக்கிற அம்மாவிடமும் பாட்டியிடமும் ஒரு வார்த்தை: பூவை மட்டும் கிள்ளினால் மொட்டைக் காம்பு காய்ந்து நிற்கும். கீழே முதலில் வருகிற ஐந்து இலைக் கொத்துக்கு மேலே காம்போடு வெட்டச் சொல்லுங்கள், அடுத்த மொட்டு அந்த இலைக் கக்கத்திலிருந்துதான் வரும்.

தீனியும் பூச்சியும்

மாதம் ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம், ஒரு கை புண்ணாக்கு. மொட்டு வைக்கும் நேரத்தில் மீன் அமிலமோ பஞ்சகாவ்யாவோ தெளிக்கலாம். வெங்காயத்தோல் தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு இவ்வளவு பெரிய செடி பூக்கவில்லையே என்று கேட்காதீர்கள்.

கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை, மேலே ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் செஞ்சிலந்தி. காலையில் குழாயை வேகமாகத் திறந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள், ஒரு வாரம் தொடர்ந்து. கடையில் கொடுக்கிற பூச்சிமருந்தை எடுத்ததும் அடித்தால் சிலந்தியைத் தின்னுகிற பூச்சிகள்தான் முதலில் சாகும். அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், தேனீ போன பிறகு சாயங்காலம். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி வந்தால் அந்த இலைகளைப் பறித்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

பதியன்

நல்ல ரகம் கையில் இருந்தால் இரண்டாவது செடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் தரையை ஒட்டிப் போகிற நீளக் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுவில் ஒரு அடிக்கு இலையை உரித்துவிட்டு, ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகப் பாதி ஆழத்துக்கு ஒரு அங்குலம் கீறுங்கள். கீறல் மூடாமல் இருக்கத் தீக்குச்சி ஒன்றைச் செருகி, அந்த இடத்தை 3 அங்குலம் மண்ணுக்குள் இறக்கி மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்க வேண்டும், மண் காயக் கூடாது. இரண்டு மாதம் கழித்து நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் தெரிந்தால் தாய்ச்செடிப் பக்கம் வெட்டிவிட்டு, இரண்டு வாரம் அங்கேயே விட்டு அப்புறம் தோண்டி எடுங்கள். இந்தச் செடி தன் சொந்த வேரிலேயே நிற்பதால் ஒட்டு, காட்டுக் கிளை என்ற தொல்லை இதற்கு இல்லை. நடும்போது முட்டியைத் தேட வேண்டாம், கீறின இடம் மண்ணுக்குள் போனால் போதும்.